ஹைபிரிட் காரில் இவி பட்டனை எப்போது அழுத்துவது?

வணக்கம் நண்பர்களே. என்னுடையது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த, வெளியில் சார்ஜ் போடும் வசதி இல்லாத ஹைபிரிட் கார். இன்ஜினை விட்டுவிட்டு மோட்டாரில் மட்டும் ஓட வைப்பதுதான் இவி பட்டன். பேட்டரிக்கு வரும் மின்சாரம் எல்லாமே கடைசியில் பெட்ரோல் கொடுத்ததுதான். பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைப்பது மட்டும் வீணாகப் போகவிருந்ததை மீட்டது.

நெரிசலில் ஊர்ந்து போகையில் இன்ஜினின் திறன் படுமோசம், அங்கே மோட்டார் லாபம். சரி. ஆனால் காலிச் சாலையில் சீராகப் போகும்போது இவி பட்டனை அழுத்தினால் பேட்டரிக் கோடுகள் மளமளவென்று இறங்குகின்றன. அப்புறம் இன்ஜின் கூடுதலாக உழைத்து நிரப்புகிறது. பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றுவதிலும் எடுப்பதிலும் இழப்பு உண்டு என்பதால் இது நஷ்டம் என்றே எனக்குப் படுகிறது.

என் முக்கியச் சந்தேகம் இதுதான்: நீண்ட இறக்கத்துக்கு முன்பே இவி-யில் ஓட்டி பேட்டரியைக் குறைத்து வைத்தால் பலன் உண்டா? நிரம்பிவிட்டால் பிரேக் ஆற்றல் ஏற இடமிருக்காதே. மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.