பாதியில் நின்றவர்களை யார் எண்ணுவது? குடும்ப வன்முறை, இளையோர் திட்டங்களை மதிப்பிட்ட அனுபவங்கள்

செந்தூல் களப்பணியாளர்:
வணக்கம். நிதி கொடுப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எத்தனை பேர் வந்தார்கள்? இங்கே மலேசியாவில் பிபிஆர் எனும் அரசு மலிவுவிலை அடுக்குமாடியில் 8 வாரப் பட்டறை நடக்கும், கடைசி நாளில் குழுப்படம் எடுப்பார்கள், பாரம் (படிவம்) நிரப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அடி நின்றதா, பையன் பள்ளிக்குத் திரும்பினானா என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு கட்டம்கூட இருக்காது. இதை ஒழுங்காக அளப்பது எப்படி, எந்த இடத்தில் சறுக்குகிறது? செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

பட்டர்வொர்த் அக்கா:
தம்பி, முதல் சறுக்கல் கணக்கிலேயே இருக்கிறது. 40 பெண்கள் பதிந்தார்கள், கடைசி அமர்வில் 22 பேர் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் 40 பேரின் சராசரி, முடிவில் 22 பேரின் சராசரி என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் முன்னேற்றம் பளிச்சென்று தெரியும். நின்றுபோன 18 பேரில்தான் நிலைமை மோசமானவர்கள் அதிகம் இருப்பார்கள். அவர்கள் விலகியதாலேயே சராசரி உயர்ந்திருக்கும். ஆகவே முடிவு வரை வந்த 22 பேரின் தொடக்க மதிப்பெண்ணை மட்டும் பிரித்தெடுத்து, அதே 22 பேரின் முடிவு மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள்.

அதன் பிறகு அந்த 18 பேரைத் தேடுங்கள். வருகைப் பதிவேட்டில் "வரவில்லை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. பக்கத்தில் காரணத்துக்கு ஒரு பத்தி போடுங்கள்: வீடு மாறினார், ஷிப்ட் மாறியது, பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, பயனில்லை என்று நினைத்தார், வீட்டில் தடுத்தார்கள், தெரியவில்லை. பிறை தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு மாலை 7 மணி வகுப்பு என்றைக்கும் ஒத்துவராது. அது திட்டத்தின் குறை, அவர் மேல் போடக்கூடாது. "வீட்டில் தடுத்தார்கள்" என்று வந்தால் அதை ஆபத்து அறிகுறியாக எடுத்து, அன்றைக்கே அவருடைய கேஸைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசி அறிக்கை வரை அது காத்திருக்கக் கூடாது.

பிரீபெய்ட் எண்கள் அடிக்கடி மாறும். பதியும் நாளிலேயே, "உங்களைத் தேட வேண்டி வந்தால் யாரிடம் கேட்டால் உங்களுக்கு ஆபத்தில்லை?" என்று கேட்டு மூன்று பேரின் தொடர்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் எந்தப் பெயரைச் சொல்லிப் பேசலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. காப்பகத்துக்கு ஒரு பெண் வருவது அவர் வாழ்க்கையின் மிக மோசமான வாரத்தில். எந்த உதவியும் இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் மனச்சோர்வு மதிப்பெண் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கம் முழுவதையும் நம் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகாது. வகுப்புக்கு இயல்பாகவே காத்திருப்புப் பட்டியல் இருந்தால், காத்திருப்போரையும் அதே வாரங்களில் அளந்து ஒப்பிடலாம். ஒப்பீட்டுக்காக ஆபத்தில் இருக்கும் பெண்ணைக் காக்கவைப்பதை மட்டும் ஒருக்காலும் ஏற்க முடியாது.

ஜோர்ஜ்டவுன் ஆலோசகர்:
3 மாதம், 6 மாதம் கழித்து அழைப்பதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான பகுதி. நாம் அழைப்பதாலேயே அவர் அடிபடக் கூடாது. அழைப்பவர் கையில் இந்த வரிசை இருக்கட்டும்.

அவர் சொன்ன நாள், சொன்ன நேரத்தில் மட்டும் அழையுங்கள். வேறு யாராவது எடுத்தால், தையல் வகுப்போ பிள்ளைகளின் சத்துணவோ, முன்பே இருவரும் பேசிவைத்த சாக்கைச் சொல்லி வைத்துவிடுங்கள். அவரே எடுத்தால் முதலில், "இப்போது பேச முடியுமா? ஆமாம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்." நடுவில் யாராவது வந்துவிட்டால் அவர் சொல்ல வேண்டிய வார்த்தையை முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். புலனத்தில் (வாட்ஸ்அப்) கேள்வி அனுப்பவே வேண்டாம். கணவரின் கணினியில் அதே கணக்கு திறந்து கிடக்கலாம், அவருக்கே தெரியாமல்.

கேள்வியின் சொல் அடுத்த சிக்கல். "வீட்டில் வன்முறை உண்டா?" என்று கேட்டால் "இல்லைங்க, கோபம் வந்தா கை நீட்டுவாரு, அவ்வளவுதான்" என்று பதில் வரும். படிவத்தில் "இல்லை" என்று பதிவாகிவிடும்! செயலைச் சொல்லிக் கேளுங்கள்: கடந்த 3 மாதத்தில் தள்ளினாரா, அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, கழுத்தை நெரித்தாரா, ஐசியையோ (அடையாள அட்டை) சம்பள அட்டையையோ பிடுங்கி வைத்தாரா, வீட்டுக்குள் வைத்துப் பூட்டினாரா. ஒவ்வொன்றுக்கும் எத்தனை தடவை என்று குறியுங்கள். கழுத்தை நெரித்திருந்தால் படிவத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் போங்கள். பின்னால் கொலையில் முடியக்கூடிய அறிகுறி அது.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாத்தாளைப் பயன்படுத்துவோர் ஒன்பதாவது கேள்வியைக் கவனியுங்கள். சாவதே மேல் என்ற எண்ணம், தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அந்தப் பெண் அறையை விட்டுப் போவதற்கு முன் ஒருவர் அந்தப் பதிலைப் படித்தாக வேண்டும். பாரங்களைக் கட்டி வைத்து அடுத்த வாரம் தட்டச்சு செய்பவர்கள் தயவுசெய்து இந்தக் கருவியைத் தொட வேண்டாம்.

பிரிக்பீல்ட்ஸ் இளையோர் பணி:
பையன்கள் பக்கம் நான் சொல்கிறேன். பிள்ளைகளின் மனநிலை, நடத்தையை அளக்கும் எஸ்டிகியூ வினாத்தாளில் 25 கூற்றுகள், தமிழிலும் உண்டு, 11 முதல் 17 வயதினர் தாங்களே நிரப்பலாம். அடிக்கடி நடக்கும் தவறு: வழக்கமான தாள் கடந்த 6 மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. 8 வாரத் திட்டம் முடிந்ததும் அதையே மறுபடி கொடுத்தால், திட்டத்துக்கு முந்தைய மாதங்களும் பதிலில் கலந்துவிடும். பின்தொடர்வுக்கென்றே கடந்த ஒரு மாதத்தைக் கேட்கும் தாள் இருக்கிறது, அதைக் கொடுங்கள். மொழியையும் பாருங்கள். தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளியில் மூன்று வருடம் இருந்த பையன் மலாய்த் தாளை வேகமாகப் படிப்பான், அவன் அம்மாவுக்குத் தமிழ் வேண்டும். ஒரே பையனுக்கு முதல் தடவை தமிழ், அடுத்த தடவை மலாய் என்று மாற்றிவிடாதீர்கள்.

திருப்தி பாரத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939 இல் 506 பையன்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பல ஆண்டுகள் வழிகாட்டிகளை அமர்த்தினார்கள். சுமார் 30 ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களைத் தேடிப் பிடித்தார். வழிகாட்டி கிடைத்தவர்களில் பதில் சொன்னவர்களைக் கேட்டால் மூன்றில் இரண்டு பங்கு "உதவியாக இருந்தது" என்றார்கள். பதிவுகளைப் பார்த்தால் குடிப்பழக்கத்திலும் மறுபடி குற்றம் செய்வதிலும் அவர்கள் மற்ற பாதியைவிட மோசமாக இருந்தார்கள். சிறைக்குக் கூட்டிப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்களும் அப்படியே: குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போன பையன்கள்தான் கூடுதலாகக் குற்றம் செய்தார்கள். நம்மூரில் இன்னும் அந்தச் சுற்றுலாவுக்கு பஸ் பிடிக்கிறார்கள் என்பது வேதனை. பிரச்சினையுள்ள பையன்களை மட்டும் ஒரே முகாமில் சேர்த்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

கும்பல் பற்றிய கேள்வி இருக்கும் தாளில் பெயர் எழுதக் கூடாது. தாளில் குறியீட்டு எண் மட்டும். எண்ணுக்குரிய பெயர்ப்பட்டியல் வேறு பெட்டியில், வேறு ஆளிடம் இருக்க வேண்டும். 2013 இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமென அறிவித்தது. அந்தத் தாள் வெளியே போனால் பையனுக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

"யாரிடமும் சொல்லமாட்டோம்" என்ற வாக்குறுதியும் வேண்டாம். சிறுவருக்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017, தகவல் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. முதல் நிமிடத்திலேயே, எதை ரகசியமாக வைப்போம், எதை வைக்க முடியாது என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

செந்தூல் களப்பணியாளர்:
நன்றி அண்ணே, அக்கா. திட்டம் நடந்த வட்டாரத்தில் போலீஸ் புகார் கூடினால் தோல்வி என்று எழுதுகிறார்களே?

பட்டர்வொர்த் அக்கா:
புகார் கூடுவது பெரும்பாலும் நல்ல அறிகுறி. இத்தனை நாள் வாய் மூடியிருந்தவர்கள் பேசுகிறார்கள். அடி கூடியதா குறைந்ததா என்பதை ஜோர்ஜ்டவுன் தங்கச்சி சொன்ன கேள்விகளால் தனியாக அளக்க வேண்டும்.

அடிப்பவரைத் தடுக்கும் பாதுகாப்பு ஆணைகளையும் எண்ணிக்கையாக மட்டும் எழுதாதீர்கள். 1994 ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2017 திருத்தம் கொண்டுவந்த அவசர ஆணையைச் சமூக நல அதிகாரியே தரலாம். அது 7 நாள்தான் செல்லும். இடைக்கால ஆணையை மாஜிஸ்திரேட் தருவார், போலீஸ் விசாரணை முடிந்தால் அதுவும் முடியும். ஆகவே நான்கு தேதிகளைக் குறியுங்கள்: விண்ணப்பித்த நாள், கிடைத்த நாள், கணவரிடம் சேர்ப்பிக்கப்பட்ட நாள், காலாவதியான நாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் எத்தனை நாள், அந்த நாட்களில் அந்தப் பெண் எங்கே படுத்தார் என்று எழுதுங்கள். ஒரு ஆணை முடிந்து அடுத்தது வருவதற்குள் விழும் இடைவெளிக்கும் அதே கேள்விதான்.