கடுகடுத்த நாயகர்கள்: நீங்கள் முதலில் சந்தித்தது யாரை?

எனக்கு ராச்செஸ்டர்தான். எம்.ஏ. பாடத்தில் அவர் நாயகனாக வரும் 'ஜேன் ஐர்' இருந்தது. 1847இல் சார்லட் ப்ரான்ட்டே புனைபெயரில் வெளியிட்ட நாவல். ராச்செஸ்டர் அறிமுகமாகும் இடத்திலேயே விழுந்துவிட்டேன். ஜனவரி மாலை, பாதையெல்லாம் உறைபனி. குதிரை சறுக்கி ஆளோடு விழுகிறது. கணுக்கால் சுளுக்கிய மனிதர், பதினெட்டு வயது ஆசிரியை ஜேனின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிக் குதிரையிடம் போகிறார். அவளுடைய முதலாளியே தான்தான் என்று மூச்சுவிடவில்லை. இவர் மட்டும் அழகான இளைஞராக இருந்திருந்தால் கிட்டப் போயிருக்கவே மாட்டேன், அந்தச் சிடுசிடுப்பால்தான் கூச்சம் விட்டுப்போனது என்கிறாள் ஜேன். கூச்ச சுபாவமுள்ள பெண்களுக்கு இது நன்றாகவே புரியும்.

மனைவியை மேல்மாடியில் பூட்டிவைத்துவிட்டு ஜேனைத் தாலிகட்டாத குறையாகத் தேவாலயம்வரை கூட்டிப்போனவரை எப்படிப் பிடிக்கும் என்று கேட்பார்கள். ஜேன் மனதுக்குள் மன்னித்துவிடுகிறாள், ஆனாலும் தங்கவில்லை. கையில் இருபது ஷில்லிங்கோடு விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது அவருக்குப் பார்வையும் போய், ஒரு கையும் போயிருக்கிறது. அவளுக்கோ சொந்தச் சொத்து இருக்கிறது. மறுபடியும் அவள் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறார். இதற்காகவே எனக்கு இந்தக் காதல் பிடிக்கும்.

*

தோழி, ராச்செஸ்டரை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் எனக்கு முதலில் வாய்த்தவன் ஹீத்கிளிஃப். அதே ஆண்டில் வந்த, சார்லட்டின் தங்கை எமிலியின் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலின் நாயகன். லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த பையன். அவனைக் கட்டிக்கொண்டால் தனக்கு இழிவு என்று கூடவே வளர்ந்த கேத்தி சொல்வதைக் கேட்டதும் எழுந்து போய்விடுகிறான். என்னைவிட அவன்தான் நான் என்று அடுத்து அவள் சொன்னது அவன் காதில் விழவே இல்லை. அங்கே கண் கலங்காதவர் யார்?

1939 ஹாலிவுட் படம் நாவலின் பின்பாதியை விட்டே விட்டது. எமிலி அப்படி விடவில்லை. கேத்தியின் நாத்தனார் இசபெல்லா அவனோடு ஓடிவரும் நாளில் அவன் செய்த முதல் காரியம், அவளுடைய நாய்க்குட்டியைத் தூக்கில் தொங்கவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தும் கூடவே போகிறாள். பிறகு அவனே வேலைக்காரி நெல்லியிடம் ஏளனமாகச் சொல்கிறான்: என்னைக் காதல் கதை நாயகனாகக் கற்பனை செய்துகொண்டு வந்தாள் என்று. ஹீத்கிளிஃபைக் கனவுக் காதலனாக்கும் வாசகர்களுக்கு ஹீத்கிளிஃப் வாயாலேயே பதில்! எமிலியின் துணிச்சல் அது. பழிவாங்க, எதிரியின் மகன் ஹேர்ட்டனை எழுத்தறிவில்லாமல் வளர்க்கிறான் பாருங்கள், அது எனக்கு நாய்க்குட்டியைவிடக் கொடூரம்.

*

இரண்டு பேரும் கடைசித் தங்கை ஆன் ப்ரான்ட்டேயை மறந்துவிட்டீர்களே! மூன்று சகோதரிகளும் ஹவர்த் என்ற ஊரில், பாதிரியாரான அப்பாவின் வீட்டில், ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதைகளைப் படித்து வளர்ந்தவர்கள். 1812இல் அவருடைய 'சைல்ட் ஹெரால்ட்' கவிதை வந்ததிலிருந்து இந்த மாதிரி ஆண்மேல் ஊருக்கே மயக்கம். கல்யாணமான பிறகு என்ன ஆகும் என்பதைக் ஆன் 1848இல் 'வைல்ட்ஃபெல் ஹால்' நாவலில் எழுதினாள். அதில் வரும் கணவன் ஹண்டிங்டன் கடுகடுப்பவன் இல்லை, சிரிக்கவைப்பவன். ஆனால் மனைவி ஹெலனை மாட்டவைத்தது அதே ஆசை: நான் திருத்திவிடுவேன். குடியும் கூத்துமாக அவன் சின்ன மகனுக்கும் மதுவைப் பழக்கும்போதுதான் ஓடிப்போக முடிவெடுக்கிறாள். மனைவியின் சம்பாத்தியம் சட்டப்படி கணவனுக்கே சொந்தம் என்ற காலம். வேறு பெயரில் ஒளிந்திருந்து, படம் வரைந்து விற்றுப் பிழைக்கிறாள்.

ராச்செஸ்டரை நேசிப்பவர்கள் இதையும் ஒருமுறை படியுங்கள். படித்தவர்கள் ஹெலனைப் பற்றி இங்கே எழுதுங்கள், அவளைப் பற்றிப் பேச எனக்கு ஆளே கிடைக்கவில்லை.