விற்பனையாளர் கணக்கு முடக்கம்: நடுவர் தீர்ப்பை நாடுவதில் பயன் உண்டா?

திருப்பூர் பின்னலாடை:
அனைவருக்கும் வணக்கம். ஆறு தையல்காரர்களை வைத்துப் பனியனும் டி-சர்ட்டும் தைத்து, நான்கு ஆண்டுகளாக ஒரு பெரிய இணையச் சந்தையில் விற்று வந்தேன். ஏழு வாரங்களுக்கு முன், பொருளின் உண்மைத்தன்மை குறித்துப் புகார் வந்திருப்பதாக ஒரே ஒரு வரி எழுதி, என் கணக்கை முடக்கிவிட்டார்கள். துணி வாங்கிய பில், சாயப்பட்டறை ரசீது, வணிகக்குறிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் எழுத்து மாறாத அதே பதில்தான் வந்தது. எனக்கு வரவேண்டிய ரூ.6,40,000 அவர்களிடம் நிற்கிறது. கிடங்கில் சுமார் 1,100 உருப்படிகளும் கிடக்கின்றன. பிணக்குகளை டெல்லியை அமர்விடமாகக் கொண்ட ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் முறை) மூலமே தீர்க்க வேண்டும் என்றும், நடுவரை நிறுவனமே நியமிக்கும் என்றும் ஒப்பந்தம் சொல்கிறது. என் ஆடிட்டரோ நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்கிறார். எது சரியான வழி?

சென்னை வழக்கறிஞர்:
வணிக நோக்கில் சேவை பெறுபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு என்றாலும், ஆறு பேரை வேலைக்கு வைத்திருக்கும் உங்களுக்கு அந்த வாதம் நிற்பது கடினம். உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போனால், நிறுவனம் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவைக் காட்டி உங்களை மீண்டும் நடுவரிடமே அனுப்ப வைக்கும். ஆகவே அதே சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, பிணக்கை நடுவரிடம் விடக் கோரி நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அது அவர்கள் கைக்குக் கிடைக்கும் நாளிலேயே நடவடிக்கை தொடங்கிவிட்டதாகச் சட்டம் கொள்ளும்.

நடுவரை அவர்களே நியமிப்பார்கள் என்ற வாசகத்தைக் கண்டு மலைக்க வேண்டாம். வழக்கின் முடிவில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானாகவே தனிநடுவரை (வழக்கை விசாரிக்கும் ஒரே நடுவரை) நியமிக்க முடியாது என்று பெர்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்டது. அவர்கள் ஒரு பெயரைக் குறிப்பிட்டு உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதத்தைக் கேட்டால் மட்டும் கையெழுத்திட்டுவிடாதீர்கள், ஏனெனில் பிணக்கு எழுந்த பின் எழுத்தில் கொடுக்கும் சம்மதம் அந்தப் பாதுகாப்பை நீங்களே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். நடுவர் யார் என்பதில் முப்பது நாள்களில் உடன்பாடு ஏற்படாவிட்டால், அவரை நியமிக்கக் கோரி 11ஆம் பிரிவின்படி டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

கரூர் வீட்டுத்துணி:
ஈராண்டுக்கு முன், வேறொரு சந்தையில், நானும் இதே நிலையில் இருந்தேன். வழக்கறிஞர் ஐயா சொன்னதற்கு முன்பாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கணக்கு முடங்கியவுடன் விற்பனை அறிக்கைகளையும் பார்க்க முடியாமல் போய்விடுவதால், எவ்வளவு வரவேண்டும் என்பதற்கே கையில் ஆதாரம் இருப்பதில்லை. ஆனால் உங்கள் விற்பனைக்குச் சந்தை நிறுவனம் ஜி.எஸ்.டி. கணக்கில் 0.5 விழுக்காடும் வருமான வரிக் கணக்கில் 0.1 விழுக்காடும் பிடித்து அரசுக்குச் செலுத்துகிறது (2024இல் குறைப்பதற்கு முன் இரண்டுமே 1 விழுக்காடு). அந்தப் பதிவுகள் ஜி.எஸ்.டி. தளத்திலும், பிடித்த வருமான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்திலும் உங்கள் பெயரிலேயே இருக்கும். தானே வரி பிடித்த விற்பனையை எந்த நிறுவனமும் மறுக்க முடியாதல்லவா? அதிலிருந்து கமிஷனையும் திரும்பி வந்த சரக்கையும் கழித்து, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, ஒரு பட்டியல் போட்டு அறிவிப்புடன் இணைத்தேன். அதுவரை இயந்திரம் போலப் பதில் அனுப்பியவர்கள், அதன் பிறகு சட்டப் பிரிவிலிருந்து ஆள் வைத்துப் பேசினார்கள். நடுவர் அமர்வதற்கு முன்பே பணம் வந்தது. கணக்கு மட்டும் திறக்கவே இல்லை.

திருப்பூர் பின்னலாடை:
இருவருக்கும் நன்றி. என் கணக்கைத் திறக்கும்படி நடுவர் உத்தரவிட முடியாதா? செலவு எவ்வளவு ஆகும்? சிறுதொழில்களுக்கு வரவேண்டிய பாக்கி பற்றிப் புகார் வாங்கும் அரசின் எம்.எஸ்.எம்.இ. சமாதான் தளத்தில் புகார் செய்யலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

சென்னை வழக்கறிஞர்:
சமாதான் தளத்தில் பொருளை வாங்கியவர் மீதுதான் புகார் செய்ய முடியும். சந்தை நிறுவனம் உங்கள் பனியனை வாங்கவில்லை, விற்பதற்கு இடம் மட்டுமே கொடுத்தது. கணக்கைப் பொறுத்தவரை, முடித்துக்கொள்ளத்தக்க இயல்புடைய ஒப்பந்தத்தை அப்படியே நிறைவேற்றும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று தனிநிவாரணச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் எந்தத் தரப்பும் அறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். ஆகவே பணம், சரக்கு, முன்னறிவிப்பின்றி நிறுத்தியதால் ஏற்பட்ட இழப்பு ஆகியவற்றை முதன்மைக் கோரிக்கையாக வையுங்கள்.

நடுவரின் கட்டணத்துக்கு, நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையை முன்மாதிரியாகக் கொள்ளலாம். அதன்படி ரூ.6,40,000 கோரிக்கைக்கு ரூ.49,900, தனிநடுவர் என்றால் மேலும் 25 விழுக்காடு சேர்ந்து ரூ.62,375. இதை வழக்கமாக இரு தரப்பும் பாதிப்பாதியாகக் கட்டுவார்கள். வழக்கறிஞர் கட்டணம் தனி. கிடங்குச் சரக்கை இத்தனை நாளுக்குள் எடுக்காவிட்டால் அப்புறப்படுத்துவோம் என்ற வாசகம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், நடுவர் அமரும்வரை காத்திராமல், அதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை கேட்க வேண்டும். தடை கிடைத்த 90 நாள்களுக்குள் நடுவர் நடவடிக்கையைத் தொடங்கிவிட வேண்டும்.

திருப்பூர் பின்னலாடை:
பார்த்தேன் ஐயா, 60 நாள் என்று இருக்கிறது. இன்னும் பதினொரு நாள்கள்தான் மீதி. சரக்கைத் திருப்பி அனுப்பக் கோரும் கடிதத்தை இன்றே மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புகிறேன். வரிப் பதிவுகளை எடுத்துத் தரும்படி ஆடிட்டரிடமும் சொல்லிவிட்டேன்.