தூக்க இ.இ.ஜி. (மூளை மின்அலைப் பதிவு): என்3 (ஆழ்ந்த தூக்க நிலை) பூஜ்யம், ரெம்மில் (கனவுத் தூக்கத்தில்) தசை வழக்கம்போல் அடங்கவில்லை. எப்படிப் படிப்பது?

ஸ்கோரிங்_கற்பவர்:
72 வயது நோயாளி, இரண்டு ஆண்டாக மறதி. ஓரிரவு பாலிசோம்னோகிராஃபி (தூக்கத்தில் மூளை அலை, கண், தசை எல்லாம் பதிவாகும் சோதனை). கண்மூடி விழித்திருக்கும்போதே பின்மண்டை ரிதம் 7 ஹெர்ட்ஸ்தான். விழிப்பு எங்கே முடிகிறது, என்1 (லேசான தூக்கம்) எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. ஸ்பிண்டில் (என்2 தூக்கத்தில் வரும் குறுகிய அலைக்கொத்து) அங்கொன்றும் இங்கொன்றும். என்3 பூஜ்யம். ரெம்மில் மோவாய் இ.எம்.ஜி. (தசை மின்பதிவு) அடங்கவே இல்லை. மறதி நோய் அல்சைமரா, லூயி பாடி வகையா?

இரவு_ஷிஃப்ட்:
நோயின் பெயர் அப்புறம். முதலில் அந்தப் பூஜ்யத்தைச் சந்தேகப்படுங்கள். என்3-க்கு 0.5–2 ஹெர்ட்ஸ் அலை நெற்றி எலெக்ட்ரோடில் உச்சியிலிருந்து அடிவரை 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்ட வேண்டும். 30 விநாடி எபாக்கில் (ஸ்கோர் செய்யும் ஒரு துண்டில்) 6 விநாடியாவது இருக்க வேண்டும். வயது ஏற ஏற வீச்சு குறையும். 60 மைக்ரோவோல்ட்டில் அலைகள் வரிசையாக ஓடினாலும் ஸ்கோர் அதற்கு முந்தைய நிலையான என்2தான். ரிப்போர்ட்டில் "வீச்சு அளவை எட்டவில்லை" என்று எழுதுங்கள். "ஆழ்ந்த தூக்கம் இல்லை" என்று எழுதினால் படிப்பவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்.

இதற்கு நேர்மாறாக ஏமாற்றுவது வியர்வை. கோடு மெதுவாக அலைந்து டெல்டா (மெது அலை) மாதிரியே தெரியும். அறையைக் குளிர்வித்து எலெக்ட்ரோடைச் சரிசெய்யுங்கள். மெதுவான அலைகளை வெட்டும் 0.3 ஹெர்ட்ஸ் ஃபில்டரை 1-க்கு ஏற்றினால் வியர்வையோடு நிஜ மெது அலையும் போய்விடும்.

என்1-க்கு: ஆல்ஃபா (கண்மூடிய விழிப்பின் வழக்கமான ரிதம்) இல்லாதவரிடம் விழிப்பு ரிதத்தைவிட 1 ஹெர்ட்ஸாவது குறைந்த 4–7 ஹெர்ட்ஸ் அலை, வெர்டெக்ஸ் (உச்சந்தலை) கூர்அலை, மெதுவாக உருளும் கண் அசைவு ஆகியவற்றில் எது முதலில் வருகிறதோ அங்கே தொடங்குங்கள். இங்கே ரிதம் 6-க்கு இறங்கினால்தான் கணக்கு. நடுக்கம் இருந்தால் 4–6 ஹெர்ட்ஸ் அசைவு தீட்டா (அந்த 4–7 ஹெர்ட்ஸ் அலை) வேஷம் போடும், கை இ.எம்.ஜி.யோடு ஒத்துப் பாருங்கள்.

அலைவரி:
ரெம்தான் இதில் கனமான தடயம். மோவாயை மட்டும் நம்பாமல் இரு முன்கை விரல்மடக்கித் தசைகளிலும் எலெக்ட்ரோடு வையுங்கள். 3 விநாடித் துண்டுகளாக எண்ணி, மோவாயின் எந்தச் செயல்பாடும் கையின் துடிப்பும் சேர்ந்து 32 சதவீதத்தைத் தாண்டினால் அசாதாரணம். மூச்சடைப்பால் வரும் விழிப்புத் துடிப்புகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள்.

கனவில் கை வீசுவது, கத்துவது இருந்தால் லூயி பாடி பக்கம் சாயும்: 2017 அளவுகோலில் ரெம் நடத்தைக் கோளாறு முதன்மை அறிகுறி, பாலிசோம்னோகிராஃபியில் உறுதியான தசை அடங்காமை தனியே ஒரு பயோமார்க்கர் (நோயைக் காட்டும் சோதனைச் சான்று). பின்மண்டையில் ஏறி இறங்கும் மெது ரிதமும் துணைச் சான்று. அல்சைமரில் பெரும்பாலும் தசை அடங்கியே இருக்கும்; ரெம் இ.இ.ஜி.தான் மந்தமாகும், ஸ்பிண்டிலும் கே காம்ப்ளெக்ஸும் (என்2-வில் வரும் பெரிய தனி அலை) குறையும். மாத்திரை என்னென்ன?

ஸ்கோரிங்_கற்பவர்:
வென்லாஃபாக்ஸின் (மனச்சோர்வு மருந்து). படுக்கும்போது குளோனசிபாம் (பதற்றம் தணிக்கும் மருந்து) 0.5 மி.கி. கனவில் கத்துவதாக வீட்டார் சொல்கிறார்கள்.

அலைவரி:
அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! வென்லாஃபாக்ஸினே ரெம்மில் தசையை அடங்கவிடாது. ஏற்கெனவே மறைந்திருந்ததை வெளிக்கொண்டும் வரலாம். மாத்திரை தொடங்கும் முன்பே கத்தினாரா என்று வீட்டாரிடம் கேளுங்கள். திடீரென நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இரவு_ஷிஃப்ட்:
குளோனசிபாம் மெது அலையை அமுக்கும், ஸ்பிண்டிலைக் கூட்டும். அதனால் என்3 பூஜ்யத்தில் மாத்திரைக்கும் பங்குண்டு. கூட்டும் மருந்து இருந்தும் ஸ்பிண்டில் இத்தனை குறைவு என்பதைத்தான் நான் ரிப்போர்ட்டில் முன்னால் போடுவேன்.