குடும்ப குரூப்: ஜூரி சம்மனும் சம்பளமும்

அருண்: லண்டன் கோர்ட்லேர்ந்து ஜூரி சம்மன் வந்திருக்கு, கேஸைக் கேட்டு குற்றவாளியா இல்லையான்னு சொல்ற பொதுமக்கள் குழுவுல உட்காரணுமாம் 😳 இந்திய பாஸ்போர்ட்தானே, என்னை எப்படி கூப்பிடறாங்க?

ரேகா அண்ணி: காமன்வெல்த் குடிமகன்னு வோட்டர் லிஸ்ட்ல பேர் ஏத்தியிருக்கல்ல, அதான். 13 வயசுக்கப்புறம் 5 வருஷம் இங்க இருந்திருந்தா போதும். 7 நாளுக்குள்ள பதில் போட்டுடு. சும்மா விட்டா 1000 பவுண்ட் வரைக்கும் ஃபைன்.

அருண்: கம்பெனி சம்பளம் தந்துடுமா?

கணேஷ் சித்தப்பா: லீவு குடுத்தே ஆகணும். சம்பளம் குடுக்கணும்னு சட்டம் கிடையாது. காண்ட்ராக்ட்ல பாரு. சில இடத்துல முழுசா வரும், சில இடத்துல கோர்ட் தர்றதைக் கழிச்சுட்டு மிச்சம், சில இடத்துல ஒண்ணுமே இல்ல.

அருண்: கோர்ட் எவ்ளோ தரும்?

கணேஷ் சித்தப்பா: முதல் 10 நாள், 4 மணி நேரத்துக்கு மேல இருந்தா நாளைக்கு 64.95 பவுண்ட் வரைக்கும். அதுக்குள்ள அனுப்பிட்டா 32.47தான். வரியெல்லாம் போக உனக்கு நாளைக்கு 110 வருதுன்னு வை. முழு நாள் இருந்தாலும் தினம் 45.05 துண்டு விழும். 10 நாள்ல 450.50! கேஸ் இழுத்தா 11ஆம் நாள்லேர்ந்து உச்சவரம்பு 129.91, அப்போ 110ம் வந்துடும்.

ரேகா அண்ணி: குழந்தையைப் பார்த்துக்க ஆள் வெச்சா அந்தச் செலவும் அதே 64.95க்குள்ளதான் மாமா, நிறைய பேருக்குத் தெரியறதில்ல. பஸ், ட்ரெயின் காசு தனி. சாப்பாட்டுக்கு 5.71, அதுல ஒரு சாண்ட்விச்தான் வரும் 😄 டாக்ஸின்னா முன்னாடியே கோர்ட்ல கேட்டுடணும்.

கணேஷ் சித்தப்பா: ஃபார்ம் 5223ஐ மறக்காதே. அதுல சம்பள இழப்பு எவ்ளோன்னு கம்பெனிதான் எழுதிக் குடுக்கணும். முழுச் சம்பளமும் குடுத்துட்டு இழப்புன்னும் எழுதினா வம்பு. பே ரோல்ல இப்பவே குடுத்து வாங்கி வெச்சுக்கோ, கடைசி நேரத்துல அலையவிடுவாங்க.

அருண்: மேனேஜர் இப்போ முடியாதுங்கறார்.

ரேகா அண்ணி: ஒரே ஒரு தடவை தள்ளிப்போடலாம், 12 மாசத்துக்குள்ள. ஏன் முடியாதுன்னு கம்பெனி லெட்டர் குடுக்கட்டும், உனக்கு முடியாத தேதியையும் சேர்த்து எழுது. கோர்ட் ஒத்துக்கலைன்னா போயே ஆகணும். ஜூரிக்குப் போனதுக்காக வேலையை விட்டுத் தூக்கினா, வேலைத் தகராறைப் பார்க்கற ட்ரிப்யூனலுக்குப் போகலாம். ஆனா நீ வராட்டி தொழிலுக்குப் பெரிய நஷ்டம்னு கம்பெனி சொல்லியும், கோர்ட்ல விலக்கு கேட்க மாட்டேன்னு நீ காரணமில்லாம அடம் பிடிச்சிருந்தா அந்தப் பாதுகாப்பு போயிடும்.

கணேஷ் சித்தப்பா: ஆமா, மத்தியானமே விட்டுட்டா மிச்ச நேரம் ஆபீஸ் வரச் சொல்லலாம். முதல்லயே மேனேஜர்கிட்ட பேசி மெயில்ல வாங்கிக்கோ. அப்புறம், கேஸைப் பத்தி இந்த குரூப்ல ஒரு வார்த்தை வரக்கூடாது, அது குற்றம்.

அருண்: சரி சித்தப்பா 👍 ஃபார்ம் இன்னிக்கே குடுத்துடறேன்.