'சால்ட் வெட்ஜ்' (salt wedge) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்: உவராப்பா, உப்புநீர் ஆப்பா?

> 'கடல்நீர் ஊடுருவல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அது மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பானதற்குப் புழங்கும் சொல், ஐயா, நிலத்தடி விவகாரம். சால்ட் வெட்ஜ் ஆற்றுக்குள் நடப்பது. நன்னீர் கனமீட்டருக்குச் சுமார் 1000 கிலோ, கடல்நீர் 1025. அந்த 25 கிலோ கனத்தால் கடல்நீர் ஆற்றின் தரையோடு தரையாக ஏறும். நன்னீர் அதன் முதுகில் வழுக்கிக் கடலுக்குப் போகும். ஆற்றை நெடுக வெட்டிப் பார்த்தால் அந்தக் கடல்நீர் முகத்துவாரத்தில் தடித்து, உள்ளே போகப்போக மெலியும். தச்சர் அடிக்கும் ஆப்பேதான்.

மிசிசிப்பியில் வரத்து விநாடிக்கு 3 லட்சம் கன அடிக்குக் கீழே போனால் இது ஏறத் தொடங்கும். 2023இல் ஆற்றடி மண்ணை வாரி, நீருக்கடியிலேயே குறுக்குக் கரை போட்டார்கள். உச்சி 55 அடி ஆழத்தில். செப்டம்பரில் உப்பு அதையும் தாண்டவே 30 அடி ஆழம்வரை உயர்த்தினார்கள், கப்பலுக்கு மட்டும் ஒரு வழி விட்டு. மேலே ஆறு ஓட, அடியில் மட்டும் கரை ஏன் என்பது 'ஊடுருவல்' என்றால் புரியாது.

> 'உவராப்பு' சுருக்கமாயிற்றே?

நாவுக்கு நல்லது, பொருளுக்கு ஆகாது. உவர்நீர் என்றால் இறால் பண்ணைக்காரர் கலப்பு நீரைத்தான் நினைப்பார். ஆப்புக்குள் இருப்பதோ ஏறக்குறைய முழுக் கடல்நீர். கலப்பு நடப்பது இடையிலுள்ள மெல்லிய படலத்தில். ஆகவே 'உப்புநீர் ஆப்பு' என்பேன். ('ஆப்பு வைப்பது' நினைவுக்கு வந்து மாணவர்கள் சிரிப்பார்கள், மறக்கவும் மாட்டார்கள்.)

> அப்படியானால் கொள்ளிடத்தில் ஏறுவதும் உப்புநீர் ஆப்பா?

அளக்காமல் சொல்லக்கூடாது. ஹூக்ளி போல ஓதம் பல மீட்டர் ஏறியிறங்கும் இடத்தில் நீர் கலங்கிக் கலந்துவிடும், ஆப்பு நிற்காது. மேலே ஒரு வாளி மொண்டு பார்த்தாலும் தெரியாது. ஆழமான தடத்தில் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டு, மின்கடத்துமானியை (உப்பு கூடக்கூட அதன் எண் கூடும்) இறக்கி, அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, எண் நிலைத்தபின் குறியுங்கள். 1, 2 மில்லிசீமென்ஸ் என்றிருந்தது ஓரிரு படியில் 40ஐத் தாண்டினால் ஆப்பு. படிப்படியாகக் கூடினால் கலப்பு. கயிற்றில் எடை கட்டாவிட்டால் ஓட்டம் கருவியைச் சாய்த்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். உணரிக்குள் காற்றுக்குமிழி சிக்கினால் உப்பு குறைவாகத் தெரியும். இறக்கியதும் ஒருமுறை உலுக்குங்கள்.

ஆப்பில், ஆறு வரும் திசையிலுள்ள மெல்லிய முனைக்கு 'நுனி' போதும். ஆங்கிலத்தில் 'டோ' (toe) என்பதால் 'கால்விரல்' என்று பெயர்த்துவிடாதீர்கள். இடைப்படலத்துக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை.