மாட்டுக்கு போடுற சைலசின் ஊசி மனுஷன் கையில ஏறிடுச்சு, மாத்து மருந்து இருக்கா?

தொழுவம்: எங்ககூட வேலை பாக்குற தம்பி மாட்ட மயக்கறதுக்கு சைலசின் போடும்போது அது உதறினதுல ஊசி அவன் உள்ளங்கையில ஏறி மருந்தும் கொஞ்சம் உள்ள போயிடுச்சு. வாய் வறளுதுன்னான், பேச்சு குழறுச்சு, அப்படியே தூங்கி விழுந்துட்டான். ஆஸ்பத்திரில பல்ஸ் 44, மானிட்டர்ல வச்சிருக்காங்க. மாடு தெளிய யோஹிம்பின் போடுவோமே, அத இவனுக்கு போட டாக்டர் ஒத்துக்கல, ஏன்னு யாராவது சொல்லுங்க, பயமா இருக்கு.

நைட்_டியூட்டி: டாக்டர் செஞ்சது சரி. சைலசின 1962ல பேயர் கம்பெனி பிரஷர் மருந்தாத்தான் கண்டுபிடிச்சாங்க, மனுஷங்களுக்கு கொடுத்தப்ப பிரஷர் ரொம்ப இறங்கி ஆள் மயங்குனதால கைவிட்டு, கால்நடைக்கு மட்டும்னு ஆயிடுச்சு. மூளையில நார்அட்ரினலின் (உடம்ப முழிப்பா, சுறுசுறுப்பா வைக்கிற சுரப்பு) சுரக்கறத அடக்கிடும், தூக்கமும் பல்ஸ் இறங்கறதும் அதனாலதான். சில பேருக்கு பிரஷர் முதல்ல ஏறிட்டு அப்புறமா இறங்கும், அதனால முதல் ரீடிங் நல்லாருக்குன்னு யாரும் வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடாதீங்க. யோஹிம்பின், அதே மாதிரி மாடு கன்ன தெளிய வைக்கிற அட்டிபமெசோல் ரெண்டுமே இந்த விஷத்துக்கு மனுஷங்களுக்குன்னு அனுமதி இல்லாதது. மூச்சு, பிரஷர், பல்ஸ் பாத்துக்கிட்டு மருந்து இறங்கற வரைக்கும் தாங்கிப் பிடிக்கறதுதான் வைத்தியம். சுகரும் ஏறும், பாக்கச் சொல்லுங்க.

கரிசல்: நலாக்சோன் போட்டா தெளியாதா?

நைட்_டியூட்டி: அது ஓபியாய்டுக்கு (மார்ஃபின், ஹெராயின் மாதிரி மருந்துங்க) மாத்து மருந்து, சைலசின் அந்த வகை இல்ல. ஆனா போதை ஊசில ஃபென்டனில்ங்கற ஓபியாய்டோட சைலசின கலக்குறாங்க (அமெரிக்கால 2023ல இந்த கலவையவே புது ஆபத்துன்னு அறிவிச்சாங்க), அப்படி ஒரு ஆள் வந்தா யோசிக்காம நலாக்சோன் போட்டே ஆகணும், ஃபென்டனில்தான் முதல்ல மூச்ச நிறுத்தும்.

காட்டுவழி: யானை, காண்டாமிருகத்துக்கு டார்ட்ல போடுற எட்டார்ஃபின் வேற கதைங்க. அது ஓபியாய்டு வகை, மார்ஃபின விட ஆயிரம் மடங்குக்கு மேல வீரியம், துளி தெறிச்சு கண்ணுல வாயில பட்டாலே ஆபத்து. அதனால பாட்டில தொறக்கறதுக்கு முன்னாடியே நலாக்சோன எடுத்து பக்கத்துல வச்சுக்குவோம், போடத் தெரிஞ்ச இன்னொரு ஆள் இல்லாம அத தொடவே மாட்டோம். சைலசின்தானேன்னு நெறைய பேர் ஊசி மூடிய பல்லுல கடிச்சு இழுக்கறாங்க, தயவுசெஞ்சு விட்டுடுங்க. குத்திட்டா தண்ணில நல்லா கழுவிட்டு, மருந்து பாட்டிலையும் எடுத்துக்கிட்டு, வேற யாரையாவது வண்டி ஓட்டச்சொல்லி போங்க, தானே ஓட்டிட்டு போனா பாதி வழியில கண்ணு சொருகிடும்.

தொழுவம்: ரொம்ப நன்றிங்க. சுகர் பாக்க சொன்னேன், ஏறித்தான் இருக்காம். பாட்டில் இங்கயே கெடக்கு, இப்பவே கொடுத்து விடுறேன்.